எத்தனை ஹெச்.பி. என்று கேட்பதற்கு முன்

கோவையில் கம்ப்ரசர் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்.பி. பார்க்கறீங்க?" என்பதுதான். வந்தவரும் பக்கத்துப் பட்டறையில் ஓடுவதை மனதில் வைத்துக்கொண்டு, "ரெண்டு போதுங்களா, மூணாவே போட்டுக்கலாமா?" என்பார். பேச்சு அங்கிருந்து டேங்க் பெரிசா சின்னதா, வாரண்டி எத்தனை வருஷம், வண்டி வாடகை யார் தலையில் என்று போய் முடிந்துவிடும். அந்த மிஷின் நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று தரும் என்பதை இருவருமே கேட்டிருக்க மாட்டார்கள். 1960ல் எல்ஜி எக்விப்மென்ட்ஸ் தொடங்கப்பட்ட ஊர் இது. வார்ப்பு, கடைசல், மோட்டார் என்று கம்ப்ரசருக்கு வேண்டிய எல்லாக் கைவேலையும் தெரிந்த ஊர். இங்கேயே இப்படி.

ஹெச்.பி. மோட்டாரின் கணக்கு. பட்டறைக்கு வேண்டியதோ காற்று. அதற்கு இரண்டு அளவு உண்டு. ஒன்று அழுத்தம், பஞ்சர் கடையில் "முப்பது வைங்க" என்கிறோமே, அது. இன்னொன்று நிமிஷத்துக்கு இத்தனை கன அடி என்கிற சி.எஃப்.எம். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். லாரி டயருக்கு 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் வேண்டும். ஆனால் டயர் நிரம்ப இரண்டு நிமிஷம் கூடப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஸ்ப்ரே கன் இதற்கு நேர் எதிர். அதற்கு அழுத்தம் குறைவாகவே போதும், ஆனால் கிட்டத்தட்ட 10 சி.எஃப்.எம். விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். பானெட்டின் பாதியில் காற்று இறங்கினால் பெயின்ட் பூவாக விழாது, திப்பி திப்பியாக விழும். அப்புறம் தேய்த்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான்.

ஆகவே பஞ்சர் கடைக்காரருக்குப் பொருந்தும் கம்ப்ரசர் டிங்கரிங் பட்டறைக்குப் பொருந்தாது, இரண்டிலும் ஹெச்.பி. ஒன்றாகவே இருந்தாலும். லாரி டயர் பார்க்கிறவர் டூ ஸ்டேஜ் வாங்குவது நல்லது. அதில் பெரிய சிலிண்டர் அமுக்கிய காற்று குழாயில் ஆறி, சிறிய சிலிண்டருக்குள் போய் 10, 12 பார் வரை ஏறும்.

பிளேட்டில் சி.எஃப்.எம். போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். போட்டிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் இடம்பெயர்க்கும் அளவு; வெறும் கணக்குப் புத்தக எண். 70 மி.மீ. போர், 65 மி.மீ. ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 800 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு 400 லிட்டர், அதாவது 14 சி.எஃப்.எம். என்று வரும். ஆனால் பிஸ்டன் மேலே போய் முட்டும் இடத்தில் கொஞ்சம் காற்று மிச்சம் நிற்கும். வால்வு பிளேட்டில் கொஞ்சம் கசியும், ரிங் வழியாகக் கொஞ்சம் போகும், சூட்டில் உள்ளே வரும் காற்றே குறையும். கையில் கிடைப்பது 9, 10தான். இந்த நிஜ அளவுக்கு எஃப்.ஏ.டி. என்று பெயர். கடையில் அதைக் கேட்டால் சிலர் கேட்லாக்கைத் தேடுவார்கள், சிலர் டீ சொல்வார்கள்.

தேட வேண்டியதே இல்லை, செல்போன் கடிகாரம் போதும். டேங்கைக் காலி செய்து, அவுட்லெட்டை மூடி, மோட்டாரைப் போட வேண்டியது. 160 லிட்டர் டேங்க் 7 பாருக்கு ஏற நான்கு நிமிஷம் ஆகிறது என்றால், 160ஐ 7ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் நிமிஷத்துக்கு 280 லிட்டர். பத்து சி.எஃப்.எம்முக்குக் கொஞ்சம் கீழே. டேங்க் சூடாக இருக்கும்போது கேஜ் சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். பேரத்துக்கு இதைவிட நல்ல துருப்பு கிடையாது. செகண்ட் ஹேண்ட் மிஷின் என்றால் ரிங் தேய்மானமும் இந்த ஒரு சோதனையிலேயே வெளியே வந்துவிடும்.

டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை. "டேங்க் பெரிசா எடுத்துக்கங்க, காத்து நிக்கும்" என்று சொல்லித்தான் பெரிய டேங்க் விற்கப்படுகிறது. போர்வெல்லில் ஊற்று இல்லாதபோது மாடியில் எவ்வளவு பெரிய தொட்டி கட்டி என்ன? நட்டு கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச் மாதிரி விட்டு விட்டு இழுக்கிற வேலைக்குப் பெரிய டேங்க் உதவும். தொடர்ந்து பெயின்ட் அடிப்பவருக்கு முதல் சில நிமிஷம் மட்டும்தான்.

டிங்கரிங் பட்டறையில் காற்றை அதிகம் குடிப்பது ஸ்ப்ரே கன் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஏர் சாண்டர்தான் பெரிய குடிகாரன். விடாமல் பிடித்தால் 12 சி.எஃப்.எம்முக்குக் குறையாது. ஒரு ஹெச்.பி.க்கு மூன்று முதல் நான்கு சி.எஃப்.எம். என்பது பொதுவான கணக்கு. சாண்டருக்காக மட்டுமே மோட்டார் இரண்டு, மூன்று கிலோவாட் இழுக்கும். அதே பட்டியை அதே நேரத்தில் தேய்த்துத் தரும் கரண்ட் சாண்டர் 300, 400 வாட்டில் ஓடுகிறது. கொடுக்கிற கரண்டில் பெரும்பகுதியைக் கம்ப்ரசர் சூடாக்கி வெளியே விட்டுவிடுவதால் வருகிற வித்தியாசம் இது. சாண்டரைக் கரண்டுக்கு மாற்றிக்கொண்டால் ஐந்து ஹெச்.பி. தேடி வந்தவருக்கு மூன்றே போதும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மூன்றோடு நிறுத்துவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிங்கிள் பேஸ் இணைப்பு 4 கிலோவாட் வரைதான். ஐந்து ஹெச்.பி. என்றால் த்ரீ பேஸுக்கு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சிங்கிள் பேஸில் ஓட்டுகிறவர் ஒரு சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும். ப்ரெஷர் ஏறி மோட்டார் கட் ஆனதும் 'புஸ்' என்று ஒரு மூச்சு வர வேண்டும். பிஸ்டன் தலைக்கு மேல் அடைபட்ட காற்றை வெளியே விடுகிற சத்தம் அது. வரவில்லை என்றால் அடுத்த முறை மோட்டார் அந்தப் பாரத்தோடுதான் எழுந்திருக்க வேண்டும். கிளம்பும்போது சாதாரணமாகவே ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரும் சாயங்கால லோ வோல்டேஜும் சேர்ந்துகொண்டால் உறுமிக்கொண்டே நின்று காயில் கருகிவிடும்.

அடுத்தது தண்ணீர். சென்னை போன்ற கடலோர ஊரில், 30 டிகிரி வெயிலில், ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் ஈரம் இருக்கும். எட்டு கன மீட்டரை ஒரு கன மீட்டராக அமுக்கி ஆற விட்டால் அவ்வளவு ஈரமும் ஆவியாக நிற்க முடியாது. 9 சி.எஃப்.எம். மிஷின் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிரியும். டேங்கின் அடியில் இருக்கும் ட்ரெயின் காக்கைத் தினமும் திறக்கச் சொல்வது இதற்காகத்தான். திறக்காத டேங்க் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

பழைய மிஷின் பார்க்கப் போகிறவர் முதலில் குனிந்து அந்தக் காக்கைத்தான் திறக்க வேண்டும். செங்கல் நிறத்தில் தண்ணீர் கொட்டினாலோ, டேங்கில் வெல்டிங் ஒட்டுத் தெரிந்தாலோ விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். டேங்கைச் சோதிக்கிறவர்கள் காற்றால் சோதிப்பதில்லை. தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றுவார்கள். தண்ணீர் அமுங்காது, ஆகவே தகடு கிழிந்தாலும் பீச்சுவதோடு நின்றுவிடும். காற்று என்றால் வெடிக்கும். சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறையாவது இழுத்துப் பார்ப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

வாங்கி வந்ததும் பெயின்ட் அடிக்கும் இடத்திலேயே அதை வைத்துவிடக் கூடாது. பறக்கிற பெயின்ட் தூசியை ஃபில்டர் இழுத்துக்கொள்ளும். நிழலான வேறு மூலை போதும். அங்கிருந்து குழாயைச் சற்றே சரிவாக ஓட்டி, ஒவ்வொரு கிளையையும் குழாயின் மேல் பக்கத்திலிருந்து எடுத்தால் உள்ளே ஓடும் தண்ணீர் கிளைக்குள் இறங்காது. மாய்ஸ்சர் செப்பரேட்டர் கன்னுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்க வேண்டும், ஏனென்றால் காற்று அங்கே வருவதற்குள்தான் ஆறியிருக்கும். கடையில் வழக்கம்போல் அதை டேங்கின் வாயிலேயே பூட்டித் தர வந்தால், கழற்றித் தனியாகப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லலாம்.