விசையை அழுத்திய பிறகு

எங்கள் இருவரில் மூத்தவர் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் பொறியாளர். இளையவர் பாளையங்கோட்டையில் தமிழ் கற்பிப்பவர். 2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், மூத்தவர் வீட்டு நிலவறையில், அவருடைய பன்னிரண்டு வயது மகனிடம் நாங்கள் இருவரும் ஓரணியாக நின்று, ஒரு பொம்மை விளையாட்டில் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தோம். அந்தத் தோல்விகளைப் பற்றி எழுத அமர்ந்தபோது, அவற்றோடு ஒட்டிக்கொண்டு வேறொன்றும் வந்துவிட்டது.

விளையாட்டின் பெயர் எலக்ட்ரிக் ஃபுட்பால். நார்மன் சாஸ் என்பவர் தமது டியூடர் நிறுவனத்தின் வாயிலாக 1949இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கக் கால்பந்துத் திடலைப் போலக் கோடிட்ட உலோகத் தகடு. அதை அதிரச் செய்யும் ஒரு மின்கருவி. பக்கத்திற்குப் பதினொரு பிளாஸ்டிக் வீரர்கள். விசையை அழுத்தினால் தகடு ஓர் ஈக்கூட்டம் போல ரீங்கரிக்கும். வீரர்கள் நடுங்கியபடியே நகர்வார்கள். பந்தை ஏந்திய பொம்மையை எதிராளியின் பொம்மை தொட்டுவிட்டால் அந்த ஆட்டம் முடிந்தது. சில பொம்மைகள் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றுவதைக் கண்டு எங்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் இதற்குள் ஒரு போர்க்கலை இருக்கிறது. ஒவ்வொரு வீரனும் ஒரு சிறு பீடத்தின்மேல் நிற்கிறான். பீடத்தின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் கால்கள். அவற்றை எப்படி வளைக்கிறோமோ அப்படியே அவன் நேராகவோ, இடமாகவோ, வலமாகவோ, விரைந்தோ, தயங்கியோ செல்வான். தாக்கும் அணி முதலில் தன் வீரர்களை நிறுத்துகிறது; அதைப் பார்த்துத் தடுக்கும் அணி நிறுத்துகிறது. எதிராளியின் கண்ணுக்குத் தெரிவது வீரர்கள் நிற்கும் இடம் மட்டுமே. பீடத்தின் அடிப்பக்கம் தெரிவதில்லை. வஞ்சனை முழுவதும் அங்கேதான் குடியிருக்கிறது.

சிறுவன் எங்களை வீழ்த்திய வழிகளில் முதலாவது, எதிர்த்திசை ஓட்டம். வலப்பக்கத்தில் தடுப்பாளர்களைக் குவித்து, பந்தேந்துபவனையும் அவர்களுக்குப் பின்னால் வலம்நோக்கி நிறுத்துவான். நாங்களும் எங்கள் படையை அங்கே குவிப்போம். விசை அழுந்தியதும் கூட்டம் வலப்பக்கம் முட்டிமோதும். பந்தேந்துபவனோ பிறைபோல் வளைந்து, ஆளில்லாத இடப்பக்கத்தில் அமைதியாக நடந்துபோவான்.

இரண்டாவது, தாமதம். பந்தை மிக மெதுவான பீடத்துக்காரனிடம் கொடுத்துப் பின்னால் நிறுத்துவான். எங்கள் விரைவு வீரர்கள் பாய்ந்து அவனுக்கு இருபுறமும் கடந்து போய்விடுவார்கள். போனவர்கள் தாமாகத் திரும்பி வருவதில்லை. அவர்கள் விட்டுச்சென்ற இடைவெளியில் மெதுவானவன் நுழைவான்.

மூன்றாவது, ஓடுவதாகக் காட்டி எறிவது. எல்லோரும் ஓட்டத்திற்கான அணிவகுப்பில் நிற்க, ஓரத்தில் ஒருவன் மட்டும் யாருடைய கவனத்திலும் படாமல் முன்னேறுவான். எங்கள் வீரர்கள் நடுவில் கூடியதும் சிறுவன் விசையை நிறுத்துவான். எறியும் கை கொண்ட குவாட்டர்பேக் பொம்மையை வைத்துச் சிறு பந்தைச் சுண்டுவான். அது ஓரத்தில் நிற்பவன் மேல் பட்டால் எறிதல் வெற்றி.

மெய்யான திடலிலும் இத்தகைய வஞ்சனைக்குப் பழைய வரலாறு உண்டு. 1903இல் ஹார்வர்டு அணிக்கு எதிராக, பூர்வகுடிப் பிள்ளைகள் பயின்ற கார்லைல் பள்ளியின் அணி, பாப் வார்னரின் பயிற்சியில், பந்தைச் சார்லஸ் டில்லன் என்பவரின் மேலாடைக்குள் முதுகுப்புறமாக ஒளித்து வைத்தது. டில்லன் வெறுங்கையோடு ஓடி எல்லையைத் தொட்டார். இறுதியில் 12–11 என ஹார்வர்டே வென்றது. ஆயினும் அந்த ஓட்டம்தான் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

நம் இலக்கியத்துக்கும் இது புதிதன்று. உதயணனைப் பிடிக்க வீரர்களை உள்ளே மறைத்த பொறியானை அனுப்பப்பட்டது. மெய்ப்பொருள் நாயனாரிடம் முத்தநாதன் சுவடிக்கட்டுக்குள் வாளை மறைத்து வந்தான். முன்னதைப் போர்ச்சூழ்ச்சி என்று வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பின்னதைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது. அங்கே ஏமாந்தவர் எதிரியாக நிற்கவில்லை, நம்பியவராக நின்றார்.

எங்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. 2016இல் தந்தையாரின் மருத்துவச் செலவுக்காக, சேரன்மகாதேவிக்கு அருகிலிருந்த கிணற்றடித் தோட்டத்தை விற்றோம். அவரிடம் குத்தகைக்கு விட்டதாகச் சொன்னோம். அவர் வைத்து வளர்த்த மாமரம் அங்கே இருந்தது. அடுத்த சித்திரையில் சந்தையில் ஒரு கூடை மாம்பழம் வாங்கி, குத்தகைக்காரர் கொடுத்தனுப்பியதாக அவர்முன் வைத்தோம். வலப்பக்கத்தில் ஆள் குவிப்பது போலத்தான். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். “நல்லா இருக்கு” என்றார். அதன்பின் தோட்டத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. 2018இல் மறைந்தார். எங்கள் ஏற்பாடு பலித்துவிட்டதென்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

இந்த விளையாட்டில் எங்களை உறுத்தியது தோல்வியன்று. விசையை அழுத்திய பிறகு கை வைக்க முடியாது என்பதே. பொய் முழுவதையும் முன்கூட்டியே வளைத்து வைத்துவிட வேண்டும். பிறகு ஏமாற்றியவனும் விளிம்பில் கைகட்டி நின்று, அது போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தந்தையாரின் கடைசி ஓராண்டில் நாங்கள் அப்படித்தான் நின்றோம்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய மாலை, எதிர்த்திசை ஓட்டத்தை நாங்களே முயன்றோம். பீடத்தை இரவெல்லாம் வளைத்துத் திருத்தியிருந்தோம். வலப்பக்கம் ஆள் குவித்தோம். சிறுவனும் வலப்பக்கமே குவித்தான். கடைசி ஒருவனை மட்டும், ஏதும் அறியாதவன் போல, இடது ஓரத்தில் வைத்தான். எங்கள் ஆள் வளைந்து நேரே அவனிடம் போய் முட்டி நின்றான்.

“எப்படிடா தெரிஞ்சுது?” என்றார் மூத்தவர்.

“போன தடவையே உங்க ஆளு லேசா லெஃப்ட்ல சாஞ்சான். நான் பாத்தேன், சொல்லல, சித்தப்பா ஆசையா செஞ்சிட்டிருந்தாங்க” என்றான்.

விசையை அணைக்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. தகடு ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. அந்த மாம்பழக் கூடையைத்தான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது, மறுநாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், “சந்தைப் பழம்னு அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?” என்று மூத்தவர் கேட்டபோதுதான் தெரிந்தது.