இருபத்தாறு அமுக்கு

அப்பாவுக்கு க்ளாக்கோமா. பக்கவாட்டுப் பார்வை போய், நேர் எதிரே சிறு வட்டம் மட்டும் மிச்சம். டாங்க் ஃபேக்டரியில் (ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) ஃபிட்டராக இருந்தவர். முத்தாபுதுப்பேட்டை வீட்டுத் திண்ணையில், காலை ஐந்தரைக்கு, கையடக்க எம்பி3 பிளேயரோடு உட்காருவார். அதன் திரை அவருக்குத் தெரியாது. விரல்தான் எல்லாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆபீஸ் மேக்கிலிருந்து 86 பாட்டு ஏற்றிக் கொடுத்திருந்தேன். இந்தப் பொங்கலுக்கு இன்னும் மூன்று ஏற்றலாம் என்று செருகினால், டெர்மினலில் 172 கோப்புகள். ஒவ்வொரு பாட்டுக்கும் அதே பெயரில் ஒரு நிழல். முன்னால் ஒரு புள்ளி, ஓர் அடிக்கோடு, 4 கேபி.

1984இல் வந்த முதல் மேக்கிலேயே ஒரு கோப்புக்கு இரண்டு கிளைகள் உண்டு: தரவு ஒன்றில், அதைப் பற்றிய கூடுதல் சமாச்சாரங்கள் மற்றதில். பிளேயரில் இருக்கும் ஃபேட் கோப்பு முறைக்கு அந்த இரண்டாவது அறையே கிடையாது. அதனால் மேக் அந்தச் சமாச்சாரங்களைத் தனிக் கோப்பாகப் பக்கத்தில் வைக்கிறது. ஆப்பிள்டபுள் என்று அதற்குப் பெயர். புள்ளியில் தொடங்கினால் மறைவான கோப்பு என்பது யூனிக்ஸ் வழக்கம். பிளேயருக்கு யூனிக்ஸ் எங்கே தெரியும்? பெயர் எம்பி3 என்று முடிகிறது, பாட்டுதான் என்று திறந்து, சில நொடி திணறிவிட்டு நகரும்.

'டாட்_க்ளீன்' கட்டளையில் 86 நிழல்களும் போயின. ட்ராஷஸ், ஸ்பாட்லைட் அடைவுகளையும் துடைத்தேன். நிழல் விழாதபடி 'சிபி'யோடு எக்ஸ் சேர்த்து மூன்று புதுப் பாட்டையும் ஏற்றினேன். சுத்தமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை திண்ணையிலிருந்து குரல். "டேய், பி.பி.ஸ்ரீநிவாஸ் எங்கடா?"

அவர் பாட்டு பதினாலாவது. அப்பா இருபத்தாறு தடவை அமுக்குவாராம். பாட்டுக்கு ஒன்று, ஊமைக்கு ஒன்று. இரண்டு வருடமாக ஊமைகளையும் சேர்த்தே எண்ணி வைத்திருக்கிறார்.

"ஏன்பா சொல்லலை?"

"பாட்டுக்குப் பாட்டு மூச்சு விடுதுன்னு நெனச்சேன். அதுவுமில்லாம, நீ வேலைக்கு நடுவுல போட்டுக் குடுத்தது. அதுல போய் கொறை சொல்லுவாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. தினமும் போனில் பேசுகிறேன். "பாட்டு கேக்கறீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறேன். "ம், கேக்கறேன்" என்பார்.

"சரி, பாதியாக்கிக்கறேன். பதிமூணு, அவ்ளோதானே" என்று எண்ணி அமுக்கினார். வேறு பாட்டு வந்தது.

ஃபேட்டில் ஒரு கோப்பை அழித்தால் அடைவில் அதன் பதிவு அப்படியே கிடக்கும். முதல் பைட் மட்டும் ஈ5 என்று மாறும், 'இந்த இடம் காலி' என்று. அடுத்து வரும் கோப்பு அந்தக் காலி இடத்தில் உட்காரும். இந்த மாதிரிச் சின்ன பிளேயர்கள் பல, பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. அடைவில் இருக்கும் வரிசையில்தான் பாடும். கடைசியில் சேரும் என்று நான் நினைத்த மூன்றும், நிழல்கள் விட்டுப்போன குழிகளில், முதல் சில பாட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்தன. அந்த மூன்றையும் நீக்கினால் பழைய வரிசை வந்துவிடும். ஆனால் இனி எதை ஏற்றினாலும் அந்தக் குழியில்தான் விழும்.

ஃபார்மேட் செய்து, 86ஐயும் ஒவ்வொன்றாக, வரிசை தப்பாமல் ஏற்றினேன். வரிசையை அப்பாதான் சொன்னார், ஒன்றுகூட விடாமல்.

"புதுசு மூணையும் கடைசில போடு" என்றார். பிளேயரை வாங்கி விரலால் பொத்தானைத் தேடினார். "இப்ப ஊமை இருக்கா, இல்லையா? அதச் சொல்லு மொதல்ல."

"இல்லப்பா."

"அப்ப பதிமூணு" என்று எண்ண ஆரம்பித்தார்.