யாரோடு ஆடுவது?

கன்சோல் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் "எது பெஸ்ட்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கால்பந்து ஆட்டத்துக்கு அது இரண்டாவது கேள்வி. யாரோடு ஆடப் போகிறோம் என்பதே முதல் கேள்வி.

1993 முதல் ஃபிஃபா என்ற பெயரில் வந்துகொண்டிருந்த வீடியோ கேம், 2023 செப்டம்பரில் 'இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24' என்ற புதுப்பெயரில் வெளியானது. என் மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு, புதுப் பள்ளி. மூன்று மாதமாகியும் டிபன் பாக்ஸைத் தனியாகத்தான் திறக்கிறான் என்று அவன் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அவன் அந்த கேம் வேண்டும் என்று மட்டும் கேட்டான். எந்த கன்சோலில் என்று சொல்லவில்லை.

விசாரித்தேன். நின்டெண்டோ ஸ்விட்சைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அந்த கம்பெனி இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, இறக்குமதிச் சரக்குதான். ஃபிஃபா 20 முதல் 23 வரை நான்கு வருடமும் ஸ்விட்சுக்கு 'லெகசி எடிஷன்' என்று வந்ததில் ஜெர்சியும் வீரர் பட்டியலும்தான் புதுசு. 24இல் எஞ்சினை மாற்றினார்கள். ஆனாலும் ஸ்விட்ச்காரர் ஆன்லைனில் ஸ்விட்ச்காரரோடு மட்டுமே ஆடலாம்.

மற்றவை இரண்டு பந்தி. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ், கம்ப்யூட்டர் ஒரு பந்தி. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இன்னொரு பந்தி. இந்தப் பந்திக்காரர் அந்தப் பந்திக்காரரோடு மோத முடியாது. பிஎஸ்5 வைத்திருப்பவர் மட்டும் பிஎஸ்4 பதிப்பைப் போட்டு இறங்கி வரலாம். அதாவது அதிக விலை கொடுத்துப் புதுசு வாங்கினால், பழசு வைத்திருக்கும் நண்பர்களோடு ஆட பழைய பதிப்பையேதான் ஓட்ட வேண்டும்.

டொரன்டோவில் இருக்கும் அக்காவின் பையனிடம் சீரிஸ் எக்ஸ் இருந்தது. "நீயும் எக்ஸ்பாக்ஸே வாங்குடா, ரெண்டும் பேசிக்கும்" என்றாள் அக்கா. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. போனில் "எப்படி இருக்கே"க்கு மேல் அந்த இரண்டு பையன்களுக்கும் பேச்சு நகராது. லீவுக்கு வந்தபோது ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடினார்கள், வாய் ஓயவில்லை. சீரிஸ் எஸ் இந்தியாவில் 34,990 ரூபாய்க்கு அறிமுகமானது. அதில் டிஸ்க் போட வழியே கிடையாது. பழைய டிஸ்க் வாங்கி, ஆடி முடித்து விற்கிற கணக்கெல்லாம் செல்லாது.

மகனின் வகுப்பில் நான்கு பேர் வெள்ளிக்கிழமை ராத்திரி சேர்ந்து ஆடுகிறார்கள். நான்கும் பிஎஸ்4. இரண்டு பந்திக்கும் போக பிஎஸ்5தான் வழி. 2021இல் 49,990க்கு வந்தது, 2022 நவம்பரில் 54,990 ஆகிவிட்டது. அந்த வருடம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அவ்வளவு பணம் புரளாது.

"யாரோட ஆடணும்னு நெனைக்கிற?" என்று அவனையே கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

"அவன் எங்க இருந்தாலும் என் அத்தை பையன்தானேப்பா. இவங்களத்தான் தினம் பாக்கணும்."

ரிச்சி தெருவில் ஒரு பழைய பிஎஸ்4 வாங்கினோம், இரண்டு கன்ட்ரோலரோடு. பழசு வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கடையிலேயே அரை மணி நேரம் கேமை ஓட்டிப் பாருங்கள். ஃபேன் இரைகிறதா, டிஸ்க்கை ஒழுங்காகத் துப்புகிறதா, கன்ட்ரோலரைத் தொடாதபோது வீரன் தானாக நகர்கிறானா என்று கவனியுங்கள். ஆன்லைனில் ஆடுவதற்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா தனி. அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிடா, அங்க அவனுக்கு ஆள் வேணும்ல" என்றாள்.

பிஎஸ்4க்கு எஃப்சி 25ம் வந்தது, 26ம் வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் அறையில் இப்போது கத்தல். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் டொரன்டோக்காரன் தான் போட்ட கோலைக் காட்டுவான், இவன் தன்னுடையதைக் காட்டுவான். அது சேர்ந்து ஆடுவது ஆகாது. அக்காவுக்கும் எனக்கும் அது தெரியும்.