நால்வர் அணி

விளையாட்டு என்றவுடன் பெரியவர்களின் மனக்கண்முன் பள்ளி மைதானமும், எறிபந்தும், வியர்வையில் நனைந்த சீருடையும் தோன்றும். எங்கள் தலைமுறையைக் கேட்டாலோ, உள்ளங்கையளவு திரை ஒன்றுதான் தோன்றும். "எந்நேரமும் போனை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாளே!" என்பது வீடுதோறும் கேட்கும் அங்கலாய்ப்பு. நாங்கள் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை, நால்வராக உட்கார்ந்திருந்தோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முன்வந்தோம்.

திருவான்மியூரில் வெவ்வேறு தெருக்களில் வசிக்கும் நாங்கள் மூவரும், தந்தையாரின் பணிமாற்றத்தால் எட்டாம் வகுப்போடு கோயம்புத்தூருக்குச் சென்றுவிட்ட நான்காமவளும் சேர்ந்ததே எங்கள் அணி. எங்களில் ஒருத்தியின் மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். இன்னொருத்தியின் வீட்டில் மருந்தீஸ்வரர் கோயில் மணியோசை கேட்கும். மற்றொருத்தியின் வீட்டுக்கு அருகே பறக்கும் ரயில் தடதடத்துச் செல்லும். ஆட்டத்தின் நடுவே மணியோசை எழுந்தால், "சாயரட்சை பூஜை ஆரம்பிச்சாச்சா?" என்று கோவையிலிருந்து ஒரு குரல் கேட்கும். ஊரை விட்டுப் போனவள் ஊரைக் கேட்பதற்கு அந்த விளையாட்டே ஜன்னலாக இருந்தது.

இவ்வகை ஆட்டங்களை அறியாத பெற்றோருக்காகச் சிறிது விளக்குகிறோம். நால்வரோ ஐவரோ ஓர் அணியாகச் சேர்ந்து, இணையத்தின் வழியே பிற அணிகளுடன் மோதுவது ஒருவகை. வீரன், வைத்தியர், மந்திரவாதி என்று ஏதேனும் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஒரு கதைக்குள் நடந்து செல்வது மற்றொரு வகை. இரண்டாவது வகைக்கு வயது ஐம்பதுக்கு மேல் ஆகிறது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம், தாள், பென்சில், பகடை ஆகியவற்றைக் கொண்டு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்பட்டது. தாயக்கட்டை உருட்டிய நம் பாட்டிமாருக்குப் பகடை புதியதன்று! 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா, பலர் ஒரே நேரத்தில் கணினியில் ஆடக்கூடிய 'மட்' என்ற ஆட்டத்தை எழுதத் தொடங்கினார். அவருடைய தோழர் ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். அதில் ஒரு படம்கூடக் கிடையாது. எல்லாம் எழுத்துகளே. ஆடுபவரின் கற்பனையே காட்சிகளைத் தீட்டியது.

எங்கள் கைக்கு இவ்வுலகம் வந்தது 2020இல். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் படிப்பதற்கென்று வந்த போன், பாடம் முடிந்த பின்னும் கையிலேயே இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது அவற்றுள் பப்ஜி மொபைலும் ஒன்று. அதன் இந்தியப் பதிப்பு 2021 ஜூலையில் வந்து, 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணன்மார்கள் வாடியதையும் மலர்ந்ததையும் நாங்கள் வேடிக்கை பார்த்தோம். எங்கள் அணி ஆடியது எந்த விளையாட்டு என்று இங்கே எழுதப்போவதில்லை. யாருக்கும் விளம்பரம் செய்வது எங்கள் நோக்கமன்று.

எங்கள் அணியில் ஒருத்தி முன்னே செல்வாள். ஒருத்தி பின்னால் நின்று காவல் காப்பாள். ஒருத்தி அடிபட்டவர்களைத் தூக்கிவிடும் வைத்தியர். நான்காமவள் வழிகாட்டி. இவ்வழிகாட்டி வகுப்பில் கேள்வி கேட்டால் தலை குனிபவள். எறிபந்தில் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவள். ஆனால் வரைபடத்தைப் பார்த்தவுடன் எந்த மேட்டில் ஆபத்து, எந்தப் பள்ளத்தில் பாதுகாப்பு என்று சொல்லிவிடுவாள். "அவசரப்படாதீங்கடி, எல்லாரும் சேர்ந்து போவோம்" என்பது அவளுடைய தாரக மந்திரம். இவ்வளவு உறுதியான குரல் அவளிடம் இருப்பதை ஏழு ஆண்டுகள் ஒரே பெஞ்சில் அமர்ந்தும் நாங்கள் அறிந்திருக்கவில்லை.

மற்றொன்றையும் கவனித்தோம். ஆட்டம் முடிந்ததும் வரும் பட்டியலில், எத்தனை பேரை வீழ்த்தினோம் என்பது பெரிய எழுத்தில் மின்னும். எத்தனை பேரைத் தூக்கிவிட்டோம் என்பதோ ஓரத்தில் சிறிதாக இருக்கும். எனவே நாங்கள் அப்பட்டியலை விட்டுவிட்டு, யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று தனியே ஒரு கணக்கு நோட்டில் எழுதி வந்தோம். ஆண்டு முடிவில் வைத்தியரே முதலிடம் பெற்றார்!

இனி, சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நால்வரில் ஒருத்தி வராத நாள்களில், அணியை நிரப்ப முன்பின் தெரியாத ஒருவர் சேர்க்கப்படுவார். சென்ற ஆண்டு அப்படிச் சேர்ந்த ஒருவன், எங்கள் குரலைக் கேட்டதும் சிரித்தான். "பொண்ணுங்களா? போய்ச் சமையலைப் பாருங்க" என்று தொடங்கியவன், இம்மலரில் அச்சிட இயலாத சொற்களில் முடித்தான். நாங்கள் ஒலிவாங்கியை மூடிவிட்டு, அவன் பெயர்மேல் புகாரை அழுத்திவிட்டு வெளியேறினோம். அன்றிரவு எங்களில் யாருக்கும் உறக்கம் வரவில்லை.

மறுநாள் இருவர் தம் தாயாரிடம் நடந்ததைச் சொன்னார்கள். ஒரு தாயார் மகளின் அருகே அமர்ந்து, "எங்கே, அந்த விளையாட்டை எனக்குக் காட்டு" என்றார். மற்றொருவர், மகளின்மேல் உள்ள அன்பினால்தான், போனை வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார். தவறு செய்தவன் எங்கோ இருக்க, தண்டனை எங்கள் தோழிக்குக் கிடைத்தது. கோவைத் தோழியின் குரலையும் அவள் ஒரு மாதம் கேட்கவில்லை. "இனிமேல் எது நடந்தாலும் வீட்டில் சொல்லமாட்டேன்" என்று அவள் சொன்னாளே, அச்சொல்தான் அந்த அந்நியனின் வசையைக் காட்டிலும் எங்களை அச்சுறுத்தியது.

நல்லவேளையாக, அந்த அம்மா இந்த அம்மாவிடம் தொலைபேசியில் பேசினார். இருவரும் சேர்ந்து வகுத்த விதிகள் நான்கு: கூடத்தில் அமர்ந்துதான் ஆட வேண்டும், சனி, ஞாயிறுகளில் ஒரு மணி நேரம் மட்டுமே, தெரிந்தவர்களைத் தவிர எவரும் அணியில் சேரக்கூடாது, ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக்கூடாது. பூட்டிய பீரோ திறந்தது.

அப்போது எங்களுக்குள் ஒரு வழக்கு எழுந்தது. "ஆண் பெயரை வைத்துக்கொண்டால் தொல்லையே இராதே" என்றாள் ஒருத்தி. "எறிபந்து ஆடும்போது அண்ணன் பெயரை முதுகில் ஒட்டிக்கொண்டா ஆடினோம்?" என்று கேட்டாள் எங்கள் வழிகாட்டி. அதற்கு எவரிடமும் விடையில்லை. சொந்தப் பெயரையும் பள்ளியின் பெயரையும் ஊரையும் வெளியிடுவதில்லை என்றும், பெண் என்பதை மட்டும் மறைப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். புனே நகரில் உருவாகி 2020இல் வெளிவந்த 'ராஜி' என்னும் விளையாட்டின் நாயகி, தம்பியைத் தேடி அசுரர்களை எதிர்த்துச் செல்லும் ஒரு சர்க்கஸ் சிறுமி. கதையில் ஒரு பெண் வாளேந்தலாம் என்றால், அதை ஆடும் பெண் ஏன் வாய் மூடியிருக்க வேண்டும்?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை நாங்கள் மறக்கவில்லை. ஆட்டத்தின்மீது கட்டுப்பாட்டை இழத்தல், மற்றெல்லாவற்றையும்விட அதையே பெரிதாகக் கருதுதல், தீமை நேர்ந்தும் விடாமல் தொடர்தல் ஆகியவை நீடிக்குமானால் அது ஒரு நோய் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் கூறுகிறது. 2019இல் ஏற்கப்பட்ட அப்பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து, திறமையால் வெல்லும் மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே பிரித்து ஏற்றுக்கொள்ளும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஆகவே, எல்லாம் சூது என்று தள்ளுவதும் சரியன்று. எல்லாம் விளையாட்டு என்று அள்ளுவதும் சரியன்று.

2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ், எங்கள் வயதில், அதாவது பதினைந்தாம் வயதில், 2006இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தவர். கணினியிலும் வீடியோ விளையாட்டிலும் பெருவிருப்பம் கொண்டிருந்த அவர், வாரத்துக்கு ஒரு மணி நேரமே ஆடுவது என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டவர். அவருக்கு விதி போட வேறு எவரும் தேவைப்படவில்லை. நாங்கள் அந்த அளவுக்கு இன்னும் உயரவில்லை; எங்களுக்கு இரண்டு தாய்மார்கள் தேவைப்பட்டார்கள்!

அரையாண்டுத் தேர்வு முடிந்த நாளிலிருந்து எங்கள் அணி ஓய்வில் இருக்கிறது. பொதுத்தேர்வுக்குப் பிறகு மீண்டும் கூடுவோம். அதுவரை ஞாயிறுதோறும் பத்து நிமிடம் கோவைத் தோழியுடன் பேசுகிறோம். பேச்சில் பாதி கணக்குப் பாடம், மீதி வம்பு.

பெற்றோரே, உங்கள் மகள் ஒரு நாள் தயங்கித் தயங்கி ஏதேனும் சொல்ல வந்தால், முதலில் கேளுங்கள். பீரோச் சாவியைப் பிறகு தேடலாம். அன்புத் தங்கைகளே, நீங்கள் விழுந்தால் தூக்கிவிட மூன்று பேரையாவது சம்பாதித்துக்கொள்ளுங்கள். மைதானமானாலும் திரையானாலும், தோழி எழுந்து நிற்கும்வரை அவளை விட்டு ஓடாதிருப்பதே அணி என்பதன் பொருள்.