காற்றிலிருந்து வந்தது

"ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்த மனுஷனுக்கு இது எங்கேருந்துடா வந்துச்சு?" பெரியம்மா கேட்டது 2021 மே மாதம். அம்பத்தூர் பக்கம் கொரோனா வார்டில் மூன்று வாரம் கிடந்த பெரியப்பாவுக்கு நுரையீரலில் பூஞ்சை. தமிழ்நாடே கருப்புப் பூஞ்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். இவருக்கு வந்தது வேறு, அஸ்பர்ஜில்லஸ். அதன் வித்துகளை நாம் எல்லாருமே தினமும் மூச்சில் இழுக்கிறோம். உடம்பு சத்தமில்லாமல் தீர்த்துவிடும். பெரியப்பாவுக்குச் சர்க்கரை வேறு. உயிரைக் காக்கக் கொடுத்த ஸ்டீராய்டே எதிர்ப்புச் சக்தியையும் அடக்கியிருந்தது. சுவர் இடித்தால் தூசியோடு வித்துகளும் கிளம்பும். அதனால்தான் வார்டருகே கட்டட வேலை நடந்தால் மூடி மறைக்கச் சொல்கிறார்கள். இவருக்கு எந்தத் தூசி என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் கொடுத்த காகிதத்தில் கொரோனா மட்டும்தான். பூஞ்சைக்குச் சாட்சி ஒரே ஒரு சளிப் பரிசோதனை ரிப்போர்ட். அதைப் பெரியம்மா ரேஷன் கார்டோடு சேர்த்து வெச்சிருக்காங்க.