மேஸ்திரி வீதியில் ஓர் அறை

அக்கா வீடு இருக்கிற ஊரில் தம்பிக்கு லாட்ஜ் எதுக்கு? மாமா மதுரைக்கு வரும்போதெல்லாம் அம்மா இதைக் கேட்காமல் விட்டதில்லை. விளாங்குடியில் சொந்த வீடு கட்டிக் குடியிருக்கையில், உடன்பிறந்தவன் காசு கொடுத்து வெளியே படுப்பது அவளுக்குப் பெரிய மனக்குறை.

மாமா கோவில்பட்டித் தீப்பெட்டிக்குக் கமிஷன் ஏஜென்ட். கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் வசூல். கடை அடைக்கிற நேரத்தில்தான் பணம் கைக்கு வரும். அதற்குமேல் எங்கள் ஊருக்குப் பஸ் பிடிப்பது பெரும்பாடு. விளாங்குடி அப்போது பேரூராட்சி; மாநகராட்சியில் சேர்ந்ததே 2011-இல்தான். திண்டுக்கல் ரோட்டை விட்டு உள்ளே நடந்தால் வயலும் கண்மாயும் தவளைச் சத்தமும். எட்டு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும்.

லீவு நாளாக இருந்தால், "மாப்ளையும் வரட்டுமேக்கா" என்று என்னையும் கூட்டிப் போவார். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் மூன்று மாடி லாட்ஜ் அது. பெரிய பதிவேட்டில் பெயர், ஊர், வந்த காரணம் எல்லாம் எழுத வேண்டும். தனக்கு 'வியாபாரம்' என்று எழுதிவிட்டு, என் பெயருக்கு நேரேயும் அதையே எழுதுவார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. சாவியோடு கோத்த பித்தளை வில்லையில் அறை எண் வெட்டியிருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு படியேறுவது என் உரிமை.

அறை சின்னதுதான். ஆனால் என்ன நேர்த்தி! சிவப்புப் பூப்போட்ட மொசைக் தரை, ஆளுயரக் கண்ணாடி, கஞ்சி மணக்கும் வெள்ளை விரிப்பு, மேஜைமேல் எவர்சில்வர் கூஜா, வளைந்த முகப்போடு ஒரு குட்டிப் பால்கனி. எங்கள் வீட்டில் இல்லாத நாகரிகம் முழுவதும் அந்த ஓர் அறையில் இருந்தது. தீப்பெட்டிக் கமிஷனில் பிழைத்தவருக்கு அது கட்டுப்படியானது. வசதி உள்ளவனுக்குத்தான் அழகு என்று அந்த லாட்ஜைக் கட்டியவர் நினைக்கவில்லை.

வசூல் முடிந்து மாமா வந்ததும் மாடிக்குப் போவோம். அங்கிருந்து நான்கு கோபுரமும் தெரியும். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று அரசாணை வந்தது பிறகு, 1997-இல். அது வந்ததற்கு நான் மனதார நன்றி சொல்வேன். கீழே இறங்கினால் பருத்திப்பால், கொத்துப் பரோட்டாச் சத்தம், டவுன் ஹால் ரோடு காலேஜ் ஹவுஸ் பக்கம் ஓயாத கூட்டம். 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் இரண்டாம் ஆட்டம் விட்டால் வீதி மறுபடி விழித்துக்கொள்ளும். படுத்தபடியே ஜங்ஷன் ரயில் ஊதுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தூங்கவே மனம் வராது.

தங்கம் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. வெளியூர்ப் பேருந்துகள் மாட்டுத்தாவணிக்கும் ஆரப்பாளையத்துக்கும் பிரிந்தபின், பெட்டியோடு இறங்கி நடந்தே அறை தேடும் வியாபாரிகள் குறைந்தார்கள். மாமாவும் இல்லை. விளாங்குடி வீடும் கைமாறிவிட்டது. மதுரைக்குப் போனால் நானும் வெளியூர்க்காரனாகத்தான் அறை எடுக்கிறேன். அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கிறது, ஏசி ஓடுகிறது, ஜன்னலைத் திறக்க வழியில்லை. வாடகையைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவால் இங்கே ஓர் இரவு தங்கியிருக்க முடியாதே என்றுதான் தோன்றுகிறது.

அதே வீதியில், ஜன்னல் திறக்கிற ஓர் அறை வேண்டும் எனக்கு. பரோட்டாச் சத்தம் உள்ளே வரட்டும். தீப்பெட்டி ஏஜென்ட் ஒருவர் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கிற வாடகையாகவும் அது இருக்க வேண்டும்.