வேலியோரம் ஒரு பாத்தி

2011ஆம் ஆண்டு அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து சேர்ந்தபோது, அவருக்காகவே பின்வளவின் வேலியோரத்தில் ஒரு பாத்தி அமைத்தோம். மேற்குச் சிட்னியின் களிமண் மழையில் பசையாகவும் வெயிலில் கல்லாகவும் மாறும் இயல்பினது. எனவே ஜிப்சமும் கூட்டெருவும் கலந்து, வேலிப் பலகையோடு அணைத்து முழங்கால் உயரத்திற்கு மண்ணை மேடாக்கினோம். கறிவேப்பிலைக் கன்றும் கத்தரியும் மிளகாயும் நாட்டினோம்.

அறியாமையால் இரண்டு பிழைகள் விட்டோம். நாங்கள் தெரிந்தெடுத்தது வடக்கு வேலி. தென்னரைக்கோளத்துக் குளிர்காலத்தில் சூரியன் வடவானில் தாழ்ந்தே செல்வதால், வேலியின் நிழல் பாத்தியின் மீதே விழுந்தது. யூலை மாத உறைபனியில் கறிவேப்பிலை கருகியது. இரண்டாவது பிழை, பலகையில் மண்ணை அணைத்தது. ஈரத்தால் பலகைகள் உக்கி, மூன்றாம் ஆண்டில் ஒரு பெருங்காற்றில் வேலி அயலவர் பக்கமாகச் சரிந்தது.

நியூ சவுத் வேல்ஸின் 1991ஆம் ஆண்டு எல்லைவேலிச் சட்டப்படி, வேலிச் செலவை இரு வீட்டாரும் பொதுவாகச் சமமாகவே பகிர்வர். ஆனால் ஒருவரது கவனயீனத்தால் வேலி பழுதுற்றால் முழுச் செலவும் அவரையே சேரலாம். பிழையைச் சொல்வதா, காற்றின் மேல் பழி போடுவதா என்று தயங்கி நின்றோம்.

அம்மா சொன்னார்: "என்ரை ஐயா ஒரு கதியாலுக்காகப் பக்கத்து வளவுக்காரரோடை இருபது வருசம் கதைக்கேல்லை. தொண்ணூற்றைஞ்சிலை ரெண்டு வீட்டுக்காரரும் ஒரே றோட்டாலை வெளிக்கிட்டம். திரும்பிப் போய்ப் பாத்தா ரெண்டு வளவுக்கும் வேலியே இல்லை. போய் உண்மையைச் சொல்லுங்கோ."

சென்று சொன்னோம். முதியவரான அயலவர் பொறுமையாகக் கேட்டார். தூண்களும் பழையனவே என்று கூறி, அவற்றின் செலவைத் தாமே ஏற்றார். இரண்டு சனிக்கிழமைகள் எங்களோடு நின்று பலகையும் அடித்தார்.

புதிய பாத்தி இப்போது தெற்கு வேலியோரம், வடக்கு வெயிலை நோக்கி, பலகையிலிருந்து ஒரு சாண் விலகி இருக்கின்றது. அம்மா தம் கையால் நாட்டிய கறிவேப்பிலை வேலிக்கு மேல் வளர்ந்துவிட்டது. அதைப் பார்க்க அம்மா இன்று இல்லை. ஆயினும் எங்கள் கத்தரிக்காய் வடக்கு வேலியைத் தாண்டிப் போவதும், அயலவரின் எலுமிச்சை இப்பால் வருவதும் நின்றுவிடவில்லை. தமிழ்ப் பள்ளிக்குச் செல்லும் எங்கள் பிள்ளைகளே இன்று அவற்றைக் கொண்டு செல்கின்றனர்.